நனைந்த ரன்வே... நிற்காத விமானம்!

கோழிக்கோடு, பாங்காக், டொரண்டோ, சாவோ பாலோ... மழையில் ரன்வேயைத் தாண்டி ஓடிய விமானங்கள் சொல்லும் பாடம் என்ன?

2020 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. கொரோனாவால் வளைகுடா நாடுகளில் சிக்கிக்கொண்டவர்களை ஊருக்கு அழைத்துவரும் ‘வந்தே பாரத்’ திட்டத்தின் கீழ், துபாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 கோழிக்கோட்டை நெருங்கும்போது இருட்டிவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. விமானத்தில் 184 பயணிகள். அவர்களில் 10 பேர் கைக்குழந்தைகள். விமானிகள் இருவர், கேபின் ஊழியர்கள் நால்வர்.

கோழிக்கோடு விமான நிலையம் இருப்பது மலப்புரம் மாவட்டத்தின் கரிப்பூரில். குன்றின் உச்சியைச் சமப்படுத்திப் போட்ட ‘டேபிள்டாப்’ ரன்வே அது. நீளம் 2,700 மீட்டர். இரண்டு முனைகளிலும் சரிவு.

தென்மேற்குப் பருவக்காலத்தில் அங்கே காற்று மேற்கிலிருந்து வீசும். எனவே, மேற்கு நோக்கி இறங்கினால் எதிர்க்காற்று கிடைக்கும். விமானம் சீக்கிரம் நிற்கும். முதல் முயற்சி அப்படித்தான் நடந்தது. ஆனால், கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் சற்று நேரம் ஓடிவிட்டு நின்றுபோனது. இறங்க வேண்டிய உயரத்துக்கு வந்தும் ரன்வே கண்ணில் படவில்லை. விதிப்படி விமானத்தை மேலே கிளப்பினார் கேப்டன் தீபக் வசந்த் சாத்தே. இந்திய விமானப் படையில் விங் கமாண்டராக இருந்தவர் அவர். அதுவரை எல்லாம் சரி.

அந்த நேரத்தில் புறப்படக் காத்திருந்த வேறொரு விமானம், எதிர்முனையிலிருந்து கிளம்ப அனுமதி கேட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம் ரன்வேயை மாற்றியது. வானில் சுற்றிக்கொண்டிருந்த 1344-க்கும் அதே முனை தரப்பட்டது, கேப்டன் ஏற்றுக்கொண்டார். இப்போது இறங்கவேண்டியது கிழக்கு நோக்கி. மேற்குக் காற்று முதுகில் தள்ளும். கீழே ரன்வே நனைந்திருக்கிறது. கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை.

அடுத்து நடந்ததை, விமான விபத்து விசாரணை அமைப்பு 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை அடி அடியாகச் சொல்கிறது. தரையிலிருந்து 500 அடிக்குக் கீழே வந்த பிறகும் விமானம் நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் இறங்கியது. அனுமதி 1,000 அடிதான். 50 அடி உயரத்தில் கடக்க வேண்டிய ரன்வே விளிம்பை 92 அடியில் கடந்தது. பின்காற்று 8 நாட் அளவில் என்று கோபுரம் சொல்லியிருந்தது; விமானத்தை உண்மையில் தள்ளிய பின்காற்று 14 நாட். சக்கரம் தரையைத் தொட்டது 4,438-வது அடியில். அதாவது, 8,858 அடி ரன்வேயில் பாதி காற்றிலேயே போய்விட்டது.

தரை தொடுவதற்குச் சற்று முன், துணை விமானி அகிலேஷ் குமார் “கோ அரவுண்டு” என்று குரல் கொடுத்தார். இறங்காதே, மேலே கிளம்பு என்று பொருள். விமானம் கிளம்பவில்லை. ரன்வேயைத் தாண்டி, அதற்கப்பால் இருந்த பாதுகாப்புப் பகுதியையும் தாண்டி, ஆண்டெனாவையும் வேலியையும் உடைத்துக்கொண்டு, சரிவில் பாய்ந்து கீழே சுற்றுச்சாலையில் மோதி மூன்று துண்டானது. இரு விமானிகள், 19 பயணிகள் என 21 உயிர்கள் போயின. இறக்கை டேங்குகளிலிருந்து எரிபொருள் கசிந்தும் தீப்பிடிக்காததுதான் மற்றவர்களைக் காப்பாற்றியது. கொண்டோட்டி, கரிப்பூர் மக்கள் கொரோனா பயத்தை ஓரம்கட்டிவிட்டு, கொட்டும் மழையில் ஓடிவந்து, கிடைத்த கார்களிலும் ஆட்டோக்களிலும் காயம்பட்டவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்படி வந்தவர்கள் பிறகு தனிமைப்படுத்தலுக்கும் போக வேண்டியிருந்தது.

‘மழையில் வழுக்கிய விமானம்’ என்றுதான் மறுநாள் பலர் பேசிக்கொண்டார்கள். வழுக்கியது மட்டும்தானா?

தண்ணீர் என்ன செய்கிறது?

தரையிறங்கிய விமானத்தை மூன்று ஏற்பாடுகள் நிறுத்துகின்றன. இறக்கையின் மேல் தகடுகள் விரிந்து, தூக்கும் விசையைக் கொன்று, விமானத்தின் முழு எடையையும் சக்கரங்கள் மேல் இறக்குகின்றன, இவை ஸ்பாய்லர்கள். இன்ஜினின் காற்றை முன்பக்கம் திருப்பிவிடுவது ரிவர்சர். மூன்றாவது, சக்கர பிரேக். வறண்ட தரையில் பெரும்பங்கு வேலையைச் செய்வது பிரேக்தான். அந்த பிரேக்கின் பலம், டயரும் தரையும் பற்றிக்கொள்வதைப் பொறுத்தது. மழை கைவைப்பது அந்தப் பிடிமானத்தில்தான்.

தரையில் நீர் தேங்கி, விமானமும் அதிக வேகத்தில் இருந்தால், டயருக்கு முன்னால் உள்ள நீர் விலகிப்போக நேரம் இருக்காது. குளத்தின் மேல் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதைப் போல, டயர் நீர்ப்படலத்தின் மேல் ஏறிவிடும். இதுதான் ‘ஹைட்ரோபிளேனிங்’. 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கைக் கண்டறிந்தார்கள்: டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் நீரின் மேல் ஏறும் வேகம் நாட் அளவில் கிடைக்கும். 200 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள விமான டயருக்கு அது சுமார் 127 நாட். மணிக்கு 235 கிலோமீட்டர். ஒரு நடுத்தர ஜெட் விமானம் தரை தொடுவது இதைவிடக் கூடுதலான வேகத்தில். அதாவது, நீர் தேங்கிய ரன்வேயில், பிரேக் மிக அவசியமாகத் தேவைப்படும் முதல் சில நொடிகளில்தான் பிரேக் கிடைக்காமல் போகும்.

நீர் தேங்கவே வேண்டும் என்றும் இல்லை. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் டயர் ரப்பர் கொஞ்சம் தேய்ந்து, ரன்வேயில் கறுப்பாகப் படிகிறது. அந்தப் படிவின் மேல் மெல்லிய ஈரம் பட்டாலே போதும், வழுக்கும். இதைச் சுரண்டி எடுப்பது விமான நிலையத்தின் வழக்கமான பராமரிப்பு வேலை. அதிவேக நீர்ப்பீச்சலால் பிய்த்தெடுப்பார்கள்.

தீர்வுகளும் அந்தக் காலத்திலிருந்தே இருக்கின்றன. ரன்வேயின் குறுக்கே சுமார் 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் கொண்ட காடிகளை 38 மி.மீ.க்கு ஒன்றாக வெட்டுவது அவற்றில் முக்கியமானது. டயரின் அடியில் சிக்கும் நீர் அந்தக் காடிகள் வழியே தப்பி ஓடும். ரன்வேயின் நடுப்பகுதி சற்று உயர்ந்து, இருபுறமும் சரிந்திருப்பதும் நீர் வடிவதற்காகத்தான்.

கையிருப்பு எப்படிக் கரைகிறது?

ஈரத்தில் பிரேக் குறையும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அதற்கான கையிருப்பு விதியிலேயே இருக்கிறது. சோதனை விமானிகள் வறண்ட ரன்வேயில் இறக்கி அளந்த தூரம், போக வேண்டிய ரன்வேயின் நீளத்தில் 60 சதவிகிதத்துக்குள் அடங்க வேண்டும். ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால் அதற்கு மேலும் 15 சதவிகிதம். சோதனையில் 1,000 மீட்டரில் நின்ற விமானத்துக்கு, மழைநாளில் 1,917 மீட்டர் ரன்வே இருந்தால்தான் கிளம்பவே முடியும்.

இவ்வளவு கையிருப்பு இருந்தும் விமானம் ஏன் ரன்வேயைத் தாண்டுகிறது? கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிவிடுகிறது என்பதுதான் பதில்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 150 நாட் வேகத்தில் பறந்து இறங்கும் விமானம், 10 நாட் எதிர்க்காற்றில் தரையைத் தொடும்போது தரைவேகம் 140. அதே 10 நாட் பின்காற்றாக மாறினால் 160. வித்தியாசம் 20 நாட்தானே என்று தோன்றும். ஆனால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 30 சதவிகிதம் கூடுதல்!

அடுத்து, உயரம். ரன்வே விளிம்பைக் கூடுதல் உயரத்தில் கடந்தால், தரை தொடும் இடம் தள்ளிப்போகும். வேகம் கூடுதலாக இருந்தால், விமானம் தரைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். மிதக்கும் ஒவ்வொரு நொடியும் 70, 80 மீட்டர் ரன்வே பின்னால் போகிறது. ரன்வேயின் முதல் 3,000 அடி, அல்லது முதல் மூன்றில் ஒரு பங்கு... இரண்டில் எது குறைவோ அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டாக வேண்டும். இல்லையென்றால் மேலே கிளம்பிவிட வேண்டும் என்பது விமானிகள் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளும் பாடம்.

பின்காற்று, உயரம், மிதப்பு, ஈரம்... நான்கில் ஒன்று மட்டும் வந்தால் கையிருப்பு தாங்கும். நான்கும் சேர்ந்து வந்தால் தாங்காது. கோழிக்கோட்டில் நான்கும் சேர்ந்து வந்தன.

மூன்று ஊர்கள், ஒரே கதை

1999 செப்டம்பர் 23, பாங்காக். சிட்னியிலிருந்து வந்த குவாண்டாஸ் போயிங் 747-ல் 410 பேர். அடைமழையில் தரை தொடும் நொடியில், மேலே கிளம்பச் சொன்ன கேப்டன், சக்கரம் தரையைத் தொட்டுவிட்டதைப் பார்த்ததும் மனதை மாற்றிக்கொண்டு விசையைக் குறைத்தார். அந்தக் குழப்பத்தில் தானியங்கி பிரேக் ரத்தானது. ரிவர்சரை இயக்க யாருக்கும் தோன்றவில்லை. பிரேக், பராமரிப்புச் செலவைக் குறைப்பதற்காக ரிவர்சரை முழுதாகப் பயன்படுத்தாமல் இறங்குவதை நிறுவனமே வழக்கமாக்கியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. விமானம் ரன்வேயைத் தாண்டி கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றது. தரை சமமாக இருந்ததால் யாரும் சாகவில்லை.

2005 ஆகஸ்ட் 2, டொரண்டோ. ஏர் பிரான்ஸ் ஏ340 இடிமழைக்குள் இறங்கி, 9,000 அடி ரன்வேயில் 3,800 அடி தாண்டித் தரையைத் தொட்டது. ரன்வேக்கு அப்பால் ஓடைப் பள்ளம். விமானம் பள்ளத்தில் இறங்கி எரிந்து சாம்பலானது. 309 பேரும் உயிரோடு வெளியே வந்ததற்குக் காரணம், கேபின் ஊழியர்கள் சில நிமிடங்களிலேயே விமானத்தைக் காலிசெய்ததுதான். அப்படி ஒரு நேரத்தில் பையை எடுக்க மேலே கை நீட்டுவது எத்தனை பேருடைய உயிரோடு விளையாடுவது என்பதை யோசித்துப் பாருங்கள்.

2007 ஜூலை 17, சாவோ பாலோ. ஊருக்கு நடுவே இருக்கும் கொங்கோனியாஸ் விமான நிலையத்தின் ரன்வே 1,940 மீட்டர்தான். புதிதாகத் தார் போட்டார்கள். நீர் வடியும் காடிகளை வெட்டும் முன்பே திறந்துவிட்டார்கள். முந்தைய நாள்தான் ஒரு சிறிய விமானம் அங்கே சறுக்கியிருந்தது. டாம் நிறுவனத்தின் ஏ320, ஒரு ரிவர்சர் முடக்கப்பட்ட நிலையில் வந்து இறங்கியது. ஒரு இன்ஜினின் விசைக்கோல் பின்னுக்கு இழுக்கப்படாமல் விடுபட்டதால் ஸ்பாய்லர்கள் விரியவே இல்லை. விமானம் ரன்வேயை விட்டு விலகி, நெரிசலான சாலைக்கு மேலே பாய்ந்து, அதே நிறுவனத்தின் கிடங்குக் கட்டடத்தில் மோதியது. விமானத்தில் 187 பேர், தரையில் 12 பேர் என 199 பேர் இறந்தார்கள். ஈர ரன்வே அங்கே முதல் காரணம் இல்லை. சின்னத் தவறையும் மன்னிக்காத இடமாக அந்த ரன்வேயை மாற்றியது ஈரம்.

மூன்று விமானங்களிலும் இருந்தவர்கள் அனுபவமுள்ள விமானிகள். மூன்று இடங்களிலும் மழை உண்டு. ஆனால், இவர்களுக்கு நேர்ந்ததன் கடுமையைத் தீர்மானித்தது ரன்வேக்கு அப்பால் இருந்த நிலம்: ஒன்றில் புல்வெளி, ஒன்றில் பள்ளம், ஒன்றில் ஊர்.

“இறங்கிவிடலாம்...”

விமானப் பாதுகாப்பு ஃபவுண்டேஷன் என்ற சர்வதேச அமைப்பு நடத்திய ஆய்வு ஒரு விசித்திரத்தை வெளிப்படுத்தியது. உயரமோ வேகமோ வரம்பு மீறிய சீரற்ற இறக்கங்களில், விதிப்படி கோ அரவுண்டு செய்யப்படுபவை சுமார் 3 சதவிகிதம்தான். மிச்சம் 97 சதவிகிதத்திலும் விமானிகள் இறங்கிவிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நல்லபடியாகவே முடிகின்றன. ஆபத்தே அங்கேதான். நூறு முறை தப்பித்தவருக்கு நூற்றியோராவது முறை விதி நினைவுக்கு வராது.

கோழிக்கோட்டில் இன்னொரு கட்டாயமும் இருந்தது. அந்த நிலையத்தில் நிறுவனம் பணியமர்த்தியிருந்த துணை விமானிகள் 26 பேர். கேப்டன் ஒருவர் மட்டுமே. மறுநாள் காலை விமானத்தை ஓட்ட வேண்டியவரும் சாத்தேதான். வேறு ஊரில் இறங்கினால், ஓய்வு நேர விதிப்படி அந்த விமானத்தை அவரால் ஓட்ட முடியாது. இந்த நெருக்கடி அவர் முடிவைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. வேறு ஊருக்குப் போகப் போதிய எரிபொருள் இருந்தது. கொச்சி, கண்ணூர், கோயம்புத்தூர் எல்லாமே பக்கத்தில்தான்.

துணை விமானியின் குரல் ஏன் எடுபடவில்லை? 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட விபத்திலும் துணை விமானி கோ அரவுண்டு சொன்னார். ஒரு முறைக்கு மேல் சொன்னார். அங்கே ரன்வே வறண்டுதான் இருந்தது. அங்கும் டேபிள்டாப், அங்கும் பாதி ரன்வே தாண்டிய பிறகே தரை தொட்டது விமானம். பத்து ஆண்டு இடைவெளியில், அதே நிறுவனத்தில், அதே வகை ரன்வேயில், அதே குரல் அலட்சியப்படுத்தப்பட்டது. கேப்டன் தவறினால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டியது துணை விமானியின் கடமை என்று ஏட்டில் இருக்கிறது. இருபது வருட அனுபவம் உள்ள ‘சார்’ கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கும் துணிச்சலை ஏடு கொடுத்துவிடாது. பயிற்சியும், பிறகு நிறுவனம் தன் பக்கம் நிற்கும் என்ற நம்பிக்கையும்தான் கொடுக்கும்.

எச்சரிக்கை வந்தது, யார் கேட்டது?

சென்னையைச் சேர்ந்த விமானப் பாதுகாப்பு வல்லுநர் கேப்டன் மோகன் ரங்கநாதன், அரசின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தபோது, 2011 ஜூனிலேயே கடிதம் எழுதினார். கோழிக்கோட்டில் மழையும் பின்காற்றும் இருக்கும்போது கிழக்கு நோக்கி இறங்குவது உயிரோடு விளையாடுவது என்பது அதன் சாரம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவர் சொன்ன அதே முனையில், அதே வானிலையில், அதே விபத்து நடந்தது. 2019 ஜூலையில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்திய ஆய்வில், அந்த ரன்வேயில் ரப்பர் படிவு, விரிசல், நீர்த் தேக்கம் ஆகியவை சுட்டிக்காட்டப்பட்டு, விளக்கம் கேட்டு நோட்டீஸும் போனது.

ரன்வேக்கு அப்பால் விமானம் ஓடி நிற்பதற்கான இடத்தை ‘ரெசா’ என்கிறார்கள். சர்வதேச விதியின் குறைந்தபட்ச அளவு 90 மீட்டர். பரிந்துரை 240 மீட்டர். இடம் இல்லாத ஊர்களுக்கு ‘இமாஸ்’ உண்டு. எடை ஏறினால் நொறுங்கும் இலகுவான கான்கிரீட் படுகை அது. சக்கரம் புதைந்து, விமானம் பெரிய சேதமின்றி நிற்கும். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 1999-ல் ஒரு சாப் 340, 2003-ல் ஒரு எம்.டி.-11, 2005-ல் ஒரு 747 சரக்கு விமானம் என மூன்றை இது பிடித்து நிறுத்தியது. கொங்கோனியாஸும் விபத்துக்குப் பிறகு இமாஸ் போட்டுக்கொண்டது. கோழிக்கோட்டில் ரெசாவை நீட்டிக்கக் கேரள அரசு நிலம் எடுத்துக் கொடுத்தது, 21 பேர் இறந்த பிறகு.

தகவல் சொல்லும் முறையும் மாறியிருக்கிறது. ‘ரன்வே ஈரம்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்ன காலம் போய், 2021 நவம்பர் 4 முதல் உலகம் முழுவதும் 0 முதல் 6 வரை எண்ணால் சொல்கிறார்கள். வறண்டால் 6, ஈரம் என்றால் 5, ஈரத்தில் வழுக்கும் தரை என்று தெரிந்தால் 3, 3 மி.மீ.க்கு மேல் நீர் நின்றால் 2. ஏர்பஸ் விமானங்களில் இப்போது ‘ராப்ஸ்’ என்ற கருவி வருகிறது. இறங்கும்போதே தூரத்தைக் கணக்கிட்டு, ஈரமானால் ரன்வே போதாது என்று காக்பிட்டில் குரல் கொடுக்கும். கருவி குரல் கொடுக்கும். துணை விமானியும் குரல் கொடுத்தார். கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

பயணியின் பங்கு

2024 நவம்பர் 30-ஐ நினைவிருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிய நாள். சென்னையில் ஒரு இண்டிகோ விமானம் ரன்வேக்கு மேல் தள்ளாடி, தரையை ஒட்டி வந்து, சட்டென மேலே எழுந்து போன வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். ‘நூலிழையில் தப்பியது’ என்று எழுதினார்கள். உண்மையில் அந்த விமானி செய்தது, பயிற்சியில் சொன்னபடியே செய்த ஒரு கோ அரவுண்டு. அப்படி ஒரு புயலில் விமானங்களை இறங்கவிட்டது சரியா என்று நிர்வாகத்தைக் கேட்கலாம். மேலே கிளம்பிய விமானியைக் கேட்க ஒன்றுமில்லை.

விமான நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை வேறு. கோ அரவுண்டு செய்தவரிடமும், வேறு ஊருக்குத் திருப்பியவரிடமும் விளக்கம் கேட்கப்படுகிறதா? எரிபொருள் செலவு அவர் பெயரில் எழுதப்படுகிறதா? மறுநாள் விமானத்துக்கு மாற்று கேப்டன் இருக்கிறாரா? விமான நிலையங்களிடமும் கேட்க வேண்டும்: மழைக்காலத்துக்கு முன் ரப்பர் எடுத்தீர்களா? பின்காற்றில் ரன்வே மாற்றித் தரும்போது யார் பொறுப்பு? இமாஸுக்குப் பணம் இல்லை என்றால், டேபிள்டாப்பில் எந்த வானிலையில் விமானம் இறங்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விமானம் மேலே கிளம்பியதும் பதறி வீடியோ எடுப்பது, வேறு ஊரில் இறங்கியதும் கேபின் ஊழியரிடம் சண்டை பிடிப்பது, நிறுவனத்தை டேக் செய்து திட்டுவது... இந்த நெருக்கடியெல்லாம் சுற்றிச் சுற்றி கடைசியில் காக்பிட்டுக்குத்தான் போய்ச் சேருகிறது. மழைநாளில் உங்கள் விமானம் இறங்காமல் மேலே போனால், உள்ளே ஒருவர் சரியான முடிவெடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த முறை அழைத்துப்போகக் காத்திருப்பவரிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். விமானியிடம் விளக்கம் கேட்காதீர்கள்.